ரிப்பன் கட்டிய கக்கூசு

கக்கூசுக்குத் திறப்பு விழா உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பாலம் திறப்பார்கள், மண்டபம் திறப்பார்கள், நகைக்கடை திறப்பார்கள். கக்கூசைக் கதவைத் தள்ளித் திறந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஆவடி தாண்டி, ரயில் லைனை ஒட்டி ஓர் அரசுப் பள்ளிக்கூடம். அங்கே பெருக்குவது, மணி அடிப்பது, கழுவுவது எல்லாம் நான். பிள்ளைகள் ஆயாம்மா என்பார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்தாள்.

பழைய கக்கூசுக்குக் கதவு கிடையாது. கூரையில் பாதி கிடையாது. பாம்புக்கு மட்டும் அந்த இடம் பிடித்திருந்தது. பையன்களுக்குச் சுவர் இருக்கிறது. பெண் பிள்ளைகள் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். என் மகள் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் வீட்டிலேயே படுத்துக்கொள்வாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. வண்டிக்கு ஏதோ பாகம் செய்கிறார்கள். லாபத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்குத் தர வேண்டும் என்று சட்டமாம். சட்டம் போட்டுத் தர்மம் செய்ய வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. தர்மத்துக்கு ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளைக்கு ஒரு மேடம். சின்ன வயசு, நல்ல பெண். கழுத்தில் அட்டை, கையில் போன், எப்போதும் அவசரம்.

முதலில் பை தந்தார்கள். கம்பெனி பெயர் பை முழுக்க இருந்தது. பிள்ளை பெயர் எழுத இடமில்லை. பிறகு பெயின்ட். கம்பெனி ஆட்களே ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு வந்து அடித்தார்கள். ஆசையாகத்தான் அடித்தார்கள். சுவரில் கொஞ்சம், பனியனில் கொஞ்சம், தரையில் மிச்சம். தரையைச் சுரண்டியவள் நான். அடுத்து கை கழுவும் தினம். அன்று குழாயில் தண்ணீர் இல்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வெறுங்கையைத் தேய்க்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் படத்தில் தெரியாதாம்.

குறை சொல்லவில்லை. கக்கூசையும் அவர்கள்தான் கட்டினார்கள். நன்றாகவே கட்டினார்கள். டைல்ஸ், தாழ்ப்பாள், ஜன்னல், மேலே கறுப்புத் தொட்டி. சுவரில் எழுதிய கம்பெனி பெயர் கதவைவிடப் பெரிசு.

கட்டி முடித்ததும் பூட்டினார்கள். சாவியை என் கையில் கொடுத்தார் மேடம்.

“கம்பெனி சேர்மன் சார் வந்து ஓப்பன் பண்ணுவாரு. அதுவரைக்கும் யாரும் யூஸ் பண்ணக் கூடாதுக்கா.”

“எப்ப மேடம் வருவாரு?”

“டேட் கேட்டிருக்கோம்.”

டேட் கிடைப்பது லேசில்லை. ஒரு தேதி சொன்னார்கள். அதைக் கல்லில் செதுக்கிக் கொண்டுவந்தார்கள். அன்று அவர் வெளிநாட்டில் இருந்தார். இன்னொரு தேதியை இன்னொரு கல்லில் செதுக்கினார்கள். அன்று மழை கொட்டியது. வீணாய்ப்போன கற்களைச் சத்துணவு சமைக்கும் அக்கா எடுத்துக்கொண்டாள். நல்ல வழவழப்பு. சேர்மன் பெயர்மேல் கத்திரிக்காய் நறுக்கினாள்.

கக்கூசு பூட்டியே கிடந்தது. ஒரு சாயங்காலம் மகள் சொன்னாள்.

“யம்மா, நான் நின்னுக்கிறேன்.”

“எங்கடி?”

“இஸ்கூல்லேர்ந்து. தையல் கடைல ஆள் கேக்கறாங்க. அங்க பாத்ரூம் கீது.”

“இங்கதான் புச்சா கட்டிக்கீறாங்களே.”

“கட்டி இன்னாத்துக்கு? பூட்டிக்கினுதானே கீது? சாவிய இடுப்புல சொருவிக்கினு நீயே கேக்கற பாரு.”

நின்றவர்கள் திரும்பப் போக மாட்டார்கள். நான் போகவில்லை. நானும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லித்தான் நின்றேன். இவள் பத்தாவதாவது முடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை பூட்டைக் கழற்றினேன். பெண் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட இல்லை. எப்படித்தான் தெரிந்ததோ, முதல் இடைவேளையில் வரிசை நின்றது. என் மகள் வரிசையில் முன்னால் நின்றாள். தலைமை ஆசிரியை வந்து பார்த்தார். நல்ல டீச்சர். ஆனால் மேலே இருந்து ஒரு போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“பூட்டு எங்கம்மா?”

“கழட்டிட்டேன் டீச்சர்.”

“அவங்க வந்து கேட்டா?”

“துரு புடிச்சி தானா உய்ந்துச்சின்னு சொல்லிக்கிறேன்.”

வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் இந்தப் பக்கமே வரலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் ஒன்று தெரிந்தது. குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வந்தது. தொட்டி இருக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இல்லை. டீச்சர் சும்மா கேட்பதுபோல மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். கட்டடம் இந்த வருஷக் கணக்காம். மோட்டார் அடுத்த வருஷக் கணக்காம். கக்கூசு இந்த வருஷம், கழுவுவது அடுத்த வருஷம்.

நான் ஒரு நீல டிரம்மை உள்ளே போட்டேன். அடிபம்பில் அடித்துப் பிள்ளைகளே பக்கெட்டில் கொண்டுவந்து நிரப்பினார்கள். சண்டை இல்லாமல் முறை போட்டுக்கொண்டார்கள். மகள் தையல் கடை பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் சேர்மன் வரும் நாள் நிஜமாகவே வந்தது. முதல் நாளே மேடம் வந்துவிட்டார். உள்ளே போனவர் அப்படியே திரும்பினார்.

“தரை ஈரமா இருக்கே?”

“கய்வினேன் மேடம்.”

“சோப்பு இருக்கு, டிரம் இருக்கு. யூஸ் பண்ணிட்டாங்களா?”

“ஆமா மேடம். கக்கூசுதானே.”

படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, சார்தான் ஃபர்ஸ்ட். ரிப்போர்ட்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“அவருதான் மொதல்ல போவணுமா?”

“ஐயோ, போறது இல்லக்கா! திறக்கறது.”

பாவமாக இருந்தது. அவருக்கும் மேலே ஆள் இருப்பார்கள். கழுவி, ஃபினாயில் போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்தேன். டிரம், பக்கெட், மக்கு எல்லாம் போட்டோவில் விழக் கூடாது என்றார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனோம். போகும்போது மேடம் இன்னொன்றும் சொன்னார்.

“நாளைக்கு ஃபங்ஷன் முடிஞ்சதும் திரும்பப் பூட்டிடலாம். ஆடிட் பண்றவங்க வந்து பார்க்கற வரைக்கும் புதுசாவே இருக்கட்டும்.”

புதுப் பூட்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தார். மகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

விடிந்ததும் பலூன் கட்டினார்கள். வாழைமரம் கட்டினார்கள். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். சத்துணவு அக்கா கரண்டியோடு வந்து பார்த்தாள்.

“இன்னாடி, கக்கூசுக்குக் கண்ணாலமா?”

“ஆமாக்கா. மாப்பிள அம்பத்தூர்லேர்ந்து வராரு.”

மாப்பிள்ளை ஆவடியில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு அன்று பழையபடி கஷ்டம். ரிப்பன் கட்டிய கதவை எப்படித் திறப்பது?

வந்தார். வயசானவர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை. நான் பெரிய ஆளாக எதிர்பார்த்திருந்தேன். இறங்கியதும் இளநீர் கொடுத்தார்கள். மேடையில் ஒரு மோர் கொடுத்தார்கள். அப்புறம் பேசினார்கள். கவுன்சிலர் பேசினார், கம்பெனி ஆட்கள் பேசினார்கள், சேர்மன் எவ்வளவு நல்லவர் என்று சேர்மனிடமே சொன்னார்கள். அவர் காலை மாற்றி மாற்றிப் போட்டார். நாற்காலி நுனிக்கு வந்தார். முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டார். அந்த உட்காருதல் எனக்குத் தெரியும். எதிரே தரையில் பெண் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பேச வேண்டிய முறை வந்ததும் “வாழ்த்துகள், வாங்க போகலாம்” என்றார். கைதட்டினார்கள். ரிப்பனைக் கத்தரித்தார். போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார். கத்தரித்த ரிப்பனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை நின்றார். அப்புறம் கத்தரிக்கோலை மேடத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

“சார், இது கேர்ள்ஸ் டாய்லெட்” என்றார் மேடம்.

“திறந்தது நான்தானேம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கவுன்சிலர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். தட்டி முடித்தும் அவர் வரவில்லை. குழாய் திருகும் சத்தம் கேட்டது. புஸ். இன்னொரு குழாய். புஸ்.

“யாராவது இருக்கீங்களா? தண்ணி வரலை.”

மேடம் என்னைப் பார்த்தார். பக்கெட்டு சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. கொஞ்சம் நிற்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வயசானவர் என்று வேகமாகவே நடந்தேன். நிரப்பித் தூக்கி வந்து கதவைத் தட்டினேன். ஒரு கை மட்டும் வெளியே வந்தது. மோதிரம் போட்ட கை.

“குழாய் ரிப்பேரா?”

“இல்ல சார். மோட்டாரு இல்ல. அட்த்த வருசமாம்.”

“அப்ப பிள்ளைங்க எப்படிப் போகுது?”

“தூக்கினு வந்து ஊத்திக்கும் சார்.”

“அந்தப் பக்கெட் எங்க இருந்துச்சு?”

“ஒளிச்சி வெச்சிருந்தோம் சார். போட்டோக்கு.”

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். நிறைய ஊற்றினார்.

வெளியே வந்தவர் யாரையும் திட்டவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். மேடம் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“ஆடிட் வரைக்கும் சார்...”

“அம்மா, நான் இப்பதான் உள்ள போயிட்டு வந்தேன். இனிமே எது புதுசா இருக்கப்போகுது?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் முறைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. அவரும் லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. வேகமாகப் போய்க் காரில் ஏறிவிட்டார். கார் கேட்டைத் தாண்டவில்லை, பெண் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். வாழைமரம் ஒன்று சாய்ந்தது.

அந்த வாரமே மோட்டார் வந்தது. அடுத்த வருஷம் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆட்கள் மாட்டி, ஒயர் இழுத்து, சுவிட்சு வைத்துவிட்டுப் போனார்கள். மோட்டார்மேலும் கம்பெனி பெயர். சுவிட்சைப் போடப் போனேன். டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இரும்மா. மெசேஜ் வந்திருக்கு. மோட்டாருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் வைக்கணுமாம். வேற ஒரு சார் வந்து ஆன் பண்ணுவாராம்.”

“எப்ப டீச்சர்?”

“டேட் சொல்றாங்களாம்.”

அடிபம்பில் இரண்டு பிள்ளைகள் பக்கெட்டோடு நின்றார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்தார். போனைப் பார்த்தார். போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். தானே போய்ச் சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“அவங்க வர்ற அன்னிக்கு ஆஃப் பண்ணி வச்சிடலாம். வந்து ஆன் பண்ணிக்கட்டும்” என்றார்.

அப்படித்தான் நடந்தது. வேறு சார் வந்தார், சுவிட்சைப் போட்டார், தண்ணீர் வந்ததும் ஆச்சரியப்பட்டார். பிள்ளைகளும் ஆச்சரியப்பட்டார்கள். நன்றாகப் பழக்கியிருந்தோம்.

மகள் இப்போது பத்தாவது. போன வாரம் வந்து நின்றாள்.

“யம்மா, உள்ள கண்ணாடி ஒண்ணு மாட்டச் சொல்லேன். தல சீவ முடில.”

“கக்கூசுல இன்னாடி தல சீவறது?”

“மத்த பொண்ணுங்களும் கேக்குதுங்க. அந்த மேடத்துக்குப் போன் போடு.”

பரீட்சை முடிகிறவரைக்கும் இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். கேட்கட்டும். மேடத்துக்குப் போன் போட்டேன். டேட் சொல்கிறேன் என்றார்.