லென்ஸில் இருந்த செம்மண்

சித்தப்பாவின் கமெராவில் லென்ஸ் ஏன் பூட்டவில்லை என்பது அன்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அப்போது ஏழு வயது. புத்தூரில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு இருந்தது.

நாட்டைவிட்டுப் போன ஒருவரிடம் சித்தப்பா அந்தப் பழைய கமெராவை வாங்கியிருந்தார். சண்டைக்காலம், பற்றரி கிடைக்காது. பற்றரி இல்லாமலே அது வேலை செய்யும் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. கைக்குழந்தையைப் போலத் துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்திருப்பார். பிலிமில் மூன்று படங்கள்தான் மிச்சம். தங்கச்சி பள்ளிக்கூடம் சேரும் நாளில் எடுப்பதற்கென்று அவற்றைக் காத்துவந்தார். அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா ஜேர்மனிக்குப் போய்விட்டார். முன்பு அவருக்கு அனுப்பிய அவளுடைய ஒரே படமும் தபாலில் தொலைந்துபோயிற்று.

ஒருநாள் பெரியவர்கள் தோட்டத்தில் நின்ற நேரம் நானும் தங்கச்சியும் கமெராவை எடுத்தோம். லென்ஸைக் கழற்றியது நான். கிணற்றடி ஈரமண்ணில் அதன் பின்பக்கத்தை அழுத்தி அழுத்தித் தோசை சுட்டது தங்கச்சி. பிறகு அவளுடைய சட்டையால் துடைத்துத் திரும்பப் போட்டோம். பூட்டும்போது வழக்கமாகக் கேட்கும் 'டிக்' கேட்கவில்லை. அப்படியே செருகி வைத்துவிட்டோம்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சித்தப்பா அடிப்பார்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அடுத்த கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. நான்காம் நாள் காலையில் எல்லோரும் அழுதார்கள்.

சின்னப்பிள்ளை, வெயில் ஏற முன் அடக்கம் செய்துவிட வேண்டும் என்றார்கள். அம்மா அழுகையை நிறுத்திச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவர் பிள்ளையின்ரை முகத்தைக் கண்டதேயில்லை. ஒரு படம் எடுத்துத் தாங்கோ."

சித்தப்பா முற்றத்தில் பாயை விரித்துக் கமெராவோடு உட்கார்ந்தார். லென்ஸ் செருகியது, சுழன்றது, கையை எடுத்தால் கழன்று வந்தது. கமெராவில் ஊசிபோல ஒரு சின்ன முனை உண்டு. லென்ஸிலுள்ள குழிக்குள் அது விழுந்தால்தான் பூட்டும். முனை இறுகிவிட்டதென்று நினைத்துத் தையல் மெசின் எண்ணெய் விட்டார். அது நன்றாகத்தான் போய்வந்தது. குழியை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திராது. மண் உள்ளே இறுகிக் காய்ந்து, எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது.

"வெளிநாடு போறவன் நல்ல சாமானை உனக்கு வித்திட்டே போவான்?" என்றார் பெரியப்பா.

"முந்தி பூட்டினது அண்ணை" என்ற சித்தப்பா தலையை நிமிர்த்தினார். "ஆர் உதைத் தொட்டது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ பிள்ளை?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தாள்.

"தெரியாது" என்றேன்.

பெட்டி வந்துவிட்டது. சித்தப்பா லென்ஸை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று படங்களையும் எடுத்தார். லென்ஸ் விலகிக்கொண்டே இருந்தது. மாதங்கள் கழித்துக் கழுவி வந்தபோது இரண்டு முழுக்க வெள்ளை. மற்றதில் சட்டையும் காலும் பூக்களும் இருந்தன. முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் புகுந்திருந்தது. அதைத்தான் ஜேர்மனிக்கு அனுப்பினார்கள்.

தொலைபேசி வந்த காலத்தில் அப்பா ஒருமுறை என்னிடம், "அவள் ஆரைப்போல இருந்தவள்?" என்று கேட்டார். உங்களைப்போல என்றேன். அவளுடைய முகம் அப்போதே எனக்கு மறக்கத் தொடங்கியிருந்தது.

சித்தப்பா போன வருடம் காலமானார். அலுமாரியை ஒதுக்கும்போது கமெரா அதே துவாயில் கிடந்தது. குண்டூசியால் குழியைக் கிளறினேன். செம்மண் பொரிந்து மடியில் விழுந்தது. லென்ஸ் 'டிக்' என்று பூட்டியது. ஒரு நிமிட வேலை.

அன்று நான் வாயைத் திறக்காததற்குப் பயம்தான் காரணம். லென்ஸைக் கழற்றிய எனக்கு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. தங்கச்சி எழும்பியதும் அவளுக்கு அடி விழும் என்றுதான் பயந்தேன்.