கடைசி அடியில் ஜெயம்மாள்

பொதட்டூர்பேட்டை விசைத்தறிக் கொட்டகை ஒன்றில் ஜெயம்மாளுக்குத் தார்க்குச்சிகளில் நூல் சுற்றும் வேலை. தறிகள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் அவர் முருகன் பாட்டுகளைக் கட்டினார். தறியை மீறிப் பாடிப் பாடிக் குரலும் பெரிதாகிவிட்டது.

அக்கா வரலட்சுமியின் கணவர், ஜெயம்மாள் 'பாவா' என்று கூப்பிடும் ஆதிகேசவனும் பாட்டுக் கட்டுகிறவர், ஆர்மோனியம் வாசிப்பார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரப் பந்தலில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். அவர் பாட்டை இவரும், இவர் பாட்டை அவரும் பாடுவதுண்டு. யார் பாடினாலும் கடைசி அடியில் கட்டியவர் பேர் வர வேண்டும் என்பது அவர்களுடைய பஜனை முறை. அப்படியும் ஊர் வாய் சும்மா இல்லை.

"ஜெயம்மா எங்க கட்டுது? அவங்க பாவா கட்டிக் குடுக்குறாரு, இது வாய அசைச்சிகினு நிக்குது."

1983இல், கடைத்தெருவில் கேசட் கடை வைத்திருந்த தணிகாசலம் இருவரையும் பந்தலிலேயே பதிவு செய்ய முன்வந்தார். ஒரு பக்கம் ஆதிகேசவன் பாட்டு, மறுபக்கம் ஜெயம்மாள் பாட்டு. கேசட் வந்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று ஜெயம்மாள் நம்பினார்.

முதல் பக்கம் நன்றாக அமைந்தது. மறுபக்கத்தின் கடைசிப் பாட்டு, படுத்த படுக்கையான புருஷனுக்காகக் காவடி தூக்கி மலையேறும் ஒருத்தியைப் பற்றியது. ஜெயம்மாள் கட்டியதிலேயே அதுதான் சிறந்தது. பாதியில் கற்பூரப் புகை தொண்டையை அடைத்தது. அவர் கை காட்ட, ஆதிகேசவன் பாட்டை எடுத்துக்கொண்டார். 'படி தேயப் பாடுறா ஜெயம்மா' என்று முடிய வேண்டும். பழக்கத்தில் 'பாடுறான் ஆதிகேசவன்' என்று வந்துவிட்டது. நீளமான பேர் தாளத்தில் அடங்காமல் ஜால்ரா தடுமாறியது. அதற்குள் காவடிக் கூட்டம் அரோகரா என்று எழுந்து நகர்ந்தது.

மறுநாள் கடையில் மூவரும் போட்டுக் கேட்டார்கள். ஆதிகேசவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வாய்ப் பழக்கம் ஜெயா. வேணும்னு செய்வனா?"

"எனக்குத் தெரியும் பாவா. கேக்குறவனுக்கு யாரு சொல்றது? இத்தினி நாளா வாயால சொன்னானுங்க, இனிமே கேசட்டே சொல்லும்."

"அந்த அடிய வெட்டிடலாம்மா," என்றார் தணிகாசலம்.

"வெட்டுனா என் பாட்டு மொட்டையா நிக்கும். எனக்கு இன்னா மிச்சம்?"

"அப்ப மொத்தத்தையும் இங்க உக்காந்து பாடிடுங்களேன்."

"தெரியாத்தனமா பேசாதீங்கண்ணா. அந்தக் கூட்டத்த இந்தக் கடையில எங்க உக்கார வைப்பீங்க?"

டேப்பில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஆதிகேசவன் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நீ பாடாத. தப்புப் பண்ணவன் நானு, நான்தான் பாடணும்."

கடைசி அடியை மட்டும் ஜெயம்மாள் பேரோடு பாடினார். நிதானமாக, இரண்டு தடவை.

கேசட் வெளிவந்தது. அரோகரா சத்தம் சட்டென்று நின்று, ஆளரவமற்ற இடத்தில் ஒற்றைக் குரல் அதே அடியை வேறு பேரோடு பாடியது. வாங்கியவர்கள் பழுது என்றே நினைத்தார்கள். கனகம்மாசத்திரம் டீக்கடைக்காரர் பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, ரிப்பேர் கேசட்ட தலையில கட்டிட்ட? கடைசியில கூட்டத்தையே காணோம்."

"ரிப்பேர் இல்லீங்க. அந்தப் பாட்டக் கட்டுனது ஜெயம்மா. பாவாகாரரு வாய் தவறித் தன் பேரப் போட்டுட்டாரு. அத அவரே திருத்திப் பாடியிருக்காரு."

"மத்த பாட்டெல்லாம்?"

"அந்தப் பக்கம் மொத்தமும் அந்த அம்மாதுதான்."

மாற்றித் தரச் சொல்லி வந்த ஒவ்வொருவருக்கும் தணிகாசலம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. போனவர்கள் தங்கள் ஊரில் சொன்னார்கள்.

தை மாதம் மணவூர் பஜனைக் கோஷ்டியினர் பொதட்டூர்பேட்டைக்கு வந்தார்கள். புதுப் பாட்டு வேண்டுமாம். ஆதிகேசவன் வீட்டைத் தாண்டி நேராகத் தறிக் கொட்டகைக்குப் போய், ஜெயம்மாள் யார் என்று கேட்டார்கள். தறிச் சத்தத்தில் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது.