இல்லாத ஆள் தேய்த்த எண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை காலையில் தென்காசியில் ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல். எதிரே பாத்திரக்கடை அருணாசலம் அண்ணாச்சி இட்லியைத் தொடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பேப்பரை மடித்து மேஜையில் போட்டார்.

"சோலி முடிஞ்சுது" என்றார்.

என்ன சோலி? யாருடைய சோலி? விசாரித்தேன். சந்தைக் கடைகளைப் பற்றி ஒரு மசோதா. அண்ணாச்சி ரொம்ப நாளாக எதிர்பார்த்தது. அதைச் சட்டசபையில் ஓட்டுக்கு விடாமல், சில மெம்பர்கள் உட்கார்ந்து ஆராயட்டும் என்று செலக்ட் கமிட்டிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"கமிட்டிக்கு அனுப்புதாவன்னா என்ன அர்த்தம்? குழி தோண்டியாச்சுன்னு அர்த்தம். நீரும் அங்கன போயி உக்காந்துட்டு வந்த ஆளுதானவே... இல்லைன்னு சொல்லும் பாப்போம்."

"இல்லை" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இட்லியைப் பிய்க்க ஆரம்பித்தார். அவருக்கு அப்போது சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும்... புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கவுன்சிலில் நான் மெம்பராக இருந்தவன். ஒரே ஒரு தடவைதான். அடுத்த தடவை ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள்.

கவுன்சில் என்றால் எந்நேரமும் மேஜையைக் குத்திப் பிரசங்கம் செய்கிற இடம் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் எப்போதாவதுதான். மற்ற நேரம் ரிப்போர்ட். ஒவ்வொரு இலாகாவும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பும். ஒருவர் எழுந்து அதன் பெயரை வாசிப்பார். மேஜையில் வைப்பார். உட்காருவார். பிறகு அடுத்த ரிப்போர்ட். அதை யாராவது எடுத்துப் படிப்பார்களா என்று கேட்காதீர்கள். படிக்கச் சொல்லி யாரும் வைப்பதில்லை.

ஆனால் நான் ஒன்றைப் படித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சென்னைப் பட்டணம், சித்திரை மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு... விசிறிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அந்த ரிப்போர்ட் நல்ல அட்டை போட்டு, கைக்கு அடக்கமாக இருந்தது. விசிறுகிறபோது ஒரு பக்கத்தில் குற்றாலம் என்ற பெயர் தெரிந்தது. நம்ம ஊர்ப் பெயர் கண்ணில் பட்டால் கை நிற்காதா?

இங்கிலீஷில் இருந்தது. விஷயம் இதுதான்: 'குற்றாலம் அருவிக்கரை பார்வையிடப்பட்டது. எண்ணெய் தேய்த்துவிடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே எவரும் இல்லை.'

எவரும் இல்லையா? அப்படியானால் முப்பிடாதி யார்?

பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பவன் முப்பிடாதி. என் தலையும் முதுகும் அவன் கைக்கு நன்றாகப் பழக்கம். ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் பெண்டாட்டி செண்பகம் பேசிவிடுவாள். பக்கத்திலேயே நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் விற்றுக்கொண்டிருப்பாள். சீசனில் கிடைப்பதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் வருஷம் முழுவதும் கஞ்சி குடித்தது. அவனைப் போல இன்னும் எத்தனையோ பேர் அந்தப் பாறையில்.

பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். முந்தின வருஷம் — அதே வாக்கியம். அதற்கு முந்தின வருஷம் — ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. சர்க்காருக்கு வருஷம் மார்ச்சில் முடிகிறது. அதற்குள் ரிப்போர்ட்டை முடிக்க வேண்டும் என்று அதிகாரி அவசரமாகப் பங்குனியில் காம்ப் வருவார். பங்குனியில் குற்றாலத்தில் என்ன இருக்கும்? பாறை இருக்கும். குரங்கு இருக்கும். குளிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் எண்ணெய் தேய்க்கிறவன் எதற்காக நிற்பான்? அந்த அதிகாரி பொய் எழுதவில்லை ஐயா. பார்த்ததைத்தான் எழுதினார். பார்த்த மாதம்தான் தப்பு.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரமே ஒரு மசோதா வந்து சேர்ந்தது. அருவிக்கரைகளில் எண்ணெய் தேய்ப்பதை அடியோடு தடுக்க வேண்டுமாம். பாறை வழுக்கி ஆட்கள் விழுகிறார்களாம். அது வாஸ்தவம்தான், நானே விழுந்திருக்கிறேன். "இதனால் யாருடைய பிழைப்பும் கெடாது" என்று மந்திரி சொன்னார். என்ன ஆதாரம்? நான் விசிறிக்கொண்டிருந்த அதே ரிப்போர்ட்.

எதிர்த்து ஓட்டுப் போடலாம். எங்கள் பக்கம் ஒரு பெஞ்சு கூட நிறையாது. சாயங்காலத்துக்குள் மசோதா பாஸாகி, மறுநாள் பேப்பரில் வந்துவிடும். நான் எழுந்தேன். இதைச் செலக்ட் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடத்தைப் பார்க்காமல் சட்டம் செய்வது நியாயமல்ல, ஆகவே அந்தக் கமிட்டி ஆடி மாதம் குற்றாலத்திலேயே கூட வேண்டும் என்றேன்.

சபையே திரும்பிப் பார்த்தது. எல்லார் கழுத்திலும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு ஜென்மப் பகை கொண்ட கட்சிக்காரர்கள் கூடக் கை தூக்கினார்கள். மந்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அந்தக் கமிட்டியில் இடம் பிடிக்க நடந்த சிபாரிசு இருக்கிறதே... அது தனிக் கதை.

ஊரில் எனக்கு மாலை போடுவார்கள் என்று நினைத்து ரயிலை விட்டு இறங்கினேன். வீட்டு வாசலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முப்பிடாதி.

"வேண்டாம்னு சொல்லிட்டு வருவியன்னு பாத்தா, கமிட்டிக்கு அனுப்பிட்டு வந்திருக்கியளே அய்யா... இதுக்கா பட்டணம் போனிய?"

"அனுப்பினதாலதான் பிழைச்சுது, செண்பகம்."

"என்ன பிழைச்சுது? கங்காணி வந்து இவுக பேரை எழுதிக்கிட்டுப் போயிட்டான். ஆவணியில கண்டிச் சீமைக்குப் போவணுமாம், தேயிலைத் தோட்டத்துக்கு. எங்க கொழுந்தன் போயி எம்புட்டுக் காலமாச்சு... உசுரோட இருக்காவளா இல்லையான்னு ஒரு சேதி உண்டா? இவுகளும் போயிட்டா நான் யாரைப் பாத்துக்கிட்டு இருக்க?"

ஊரையே ஏசுகிற வாய் அவளுக்கு. அன்றைக்கு அழுதாள். முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தைரியமாகச் சொன்னேன்: "ஆடி வரட்டும். அதுவரைக்கும் கங்காணிகிட்ட கைநாட்டு வைக்கவேண்டாம். அந்தக் கமிட்டிக்காரங்க கண்ணால ஒரு தடவை பாத்தாப் போதும்."

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆடி மாதத்துக் குற்றாலத்தைப் பார்த்தவன் எவனாவது, இங்கே எண்ணெய் தேய்க்க ஆளில்லை என்று எழுதுவானா?

ஆடியும் வந்தது. கமிட்டியும் வந்தது. தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார். பெரிய சரீரம், தீராத தலைவலி. கூடவே ரிப்போர்ட் எழுதிய அதிகாரியும் வந்திருந்தார். மறுநாள் காலை வண்டி கட்டிக்கொண்டு எல்லாரும் பெரிய அருவிக்குப் போனோம்.

தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. பாறை பளிச்சென்று இருந்தது. எண்ணெய் தேய்க்கிறவன்? ஒருத்தன் கூட இல்லை.

என்ன நடந்தது என்று பிற்பாடு விசாரித்தேன். நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? அதிகாரி வருகிறார் என்றால் பாதையைப் பெருக்குவோம். மாவிலை கட்டுவோம். அழுக்கு வேட்டிக்காரனையெல்லாம் கண்ணில் படாமல் விரட்டுவோம். கிராம முன்சீப் முந்தின நாளே தலையாரியிடம் சொல்லி அனுப்பிவிட்டார் — "தொரைமாரு வாராவ, நாளைக்கு ஒரு பய அங்கன நிக்கப்படாது" என்று. அதோடு நிற்கவில்லை. வருகிற பெரிய மனுஷர்கள் வழுக்கி விழுந்துவிட்டால் நமக்குத்தானே கெட்ட பெயர் என்று, எண்ணெய் தேய்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து சீயக்காய் போட்டுப் பாறையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். முப்பிடாதிதான் முன்னால் நின்று தேய்த்தானாம். மரியாதைதான், வேறென்ன சொல்வது? அந்த மரியாதையில் தங்கள் தடயத்தைத் தாங்களே துடைத்துவிட்டார்கள்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?" என்றார். ரொம்ப விநயமாகத்தான் கேட்டார். எனக்கு அவரை அருவிக்குள் தள்ளிவிடலாமா என்று வந்தது.

தலைவரோ இடுப்பில் துண்டோடு நின்று, பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? எண்ணெய் தேய்த்துவிட ஆள் எங்கே? இந்தத் தலைவலிக்கு ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொள்ளலாம் என்றுதானே நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

"ஆளு இல்லை சாமி" என்று ஒரு குரல். மண்டபத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து செண்பகம் வந்தாள், கையில் எண்ணெய்ச் செம்போடு. முன்சீப்பின் உத்தரவு அவளுக்கும் போயிருந்தது. அவள் யார் உத்தரவைக் கேட்டாள்?

"ஏன் இல்லை?"

"இல்லைன்னு உங்க ரிப்போர்ட்டுல எழுதியிருக்காம்லா. மெம்பர் அய்யாதான் சொன்னாவ. இல்லாத ஆளு எப்படி சாமி வந்து தேய்க்கும்?"

முன்சீப் பல்லைக் கடித்தார். சாரலில் நின்றுகொண்டிருந்த எனக்கு வியர்த்தது. தலைவர் அவளைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரி அம்மா, அந்த இல்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு வா."

முப்பிடாதி வந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருத்தனாகக் கடைகளுக்குப் பின்புறமிருந்தும் மரத்தடியிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். சிறிது நேரத்தில் கமிட்டி முழுவதும் கோவணத்தோடு எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. அதிகாரி மட்டும் சட்டையைக் கழற்றவில்லை. குளிர்கிறது என்றார்.

எழுந்து நடந்த மெம்பர்களில் ஒருவர் வழுக்கி உட்கார்ந்தார். ஆகவே மந்திரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று கமிட்டி ஒத்துக்கொண்டது. அன்று மத்தியானமே பங்களாவில் உட்கார்ந்து மசோதாவைத் திருத்தினார்கள். பாறையில் தேய்க்கக் கூடாது, சற்றுத் தள்ளி மணல் பரப்பில் தேய்க்கலாம், ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களை யாரும் கிளப்பக் கூடாது. தலைவர் கையெழுத்துப் போட்டபோது காகிதத்தில் எண்ணெய்க் கறை. தலைவலி போன இடம் தெரியவில்லை என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கவுன்சிலில் அது அப்படியே பாஸாயிற்று. ஆவணியில் கங்காணி வந்தான். செண்பகம் அவனை வாசலிலேயே நிறுத்திச் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சுப் போட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். முப்பிடாதி கண்டிக்குப் போகவில்லை.

"கேட்டீரா அண்ணாச்சி? அன்றைக்கே ஓட்டெடுத்திருந்தால்தான் சோலி முடிந்திருக்கும். கமிட்டிக்குப் போனதால் தப்பித்தது. உம்முடைய சந்தை மசோதாவும் எங்கேயோ நல்ல இடத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வரட்டும், பார்ப்போம்" என்றேன்.

அண்ணாச்சிக்குப் பாதி நம்பிக்கை வந்த மாதிரி இருந்தது. "அது சரிவே. அந்த ரிப்போர்ட்டை மாத்துனாவளா?" என்றார்.

அதை எங்கே மாற்றினார்கள்? அடுத்த வருஷமும் மேஜையில் வைத்தார்கள். அதே வாக்கியம். அதிகாரிகள் மாறினார்கள், சர்க்காரே மாறிவிட்டது, இன்றைக்கும் பங்குனியில்தான் காம்ப் வருகிறார்கள். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை நான் விலை கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். இந்த வருஷத்து ரிப்போர்ட்டிலும் எவரும் இல்லை.

கிளப்பை விட்டு எழுந்து, இரண்டு பேருமாகக் குற்றாலத்துக்கு வண்டி ஏறினோம். மணலில் முப்பிடாதி ஒரு வாலிபருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வாலிபர் கலகலப்பானவர். தாமே சொன்னார் — அந்த ரிப்போர்ட் எழுதுகிற இலாகாவில் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாராம், லீவில் குளிக்க வந்தாராம்.

"பெரியவரே, நீங்க இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று குப்புறப் படுத்தபடியே கேட்டார்.

செண்பகம் வாயைத் திறந்தாள். ஆனால் அன்றைக்கு அவளை முந்திக்கொண்டு முப்பிடாதி பேசினான். முதுகிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்:

"நான் இங்கன இல்லையேய்யா... உங்க ரிப்போர்ட்டைப் பாருங்க."