பெரியம்மா வாசலில் நின்ற மாலை

பெரியம்மாவை நினைத்தால் முகத்தைவிட முதலில் கைகள்தான் நினைவுக்கு வரும். ஆமத்தூரில் எங்கள் சபையின் சின்னத் தேவாலயம். அதன் வாசல் நிலைக்கால் இரண்டையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டு அவர் வழியை மறித்து நின்ற மாலை அது. உள்ளே கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனை தொடங்க இருந்தது. வெளியே, எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி ஓடிவந்த பெண்கள். எல்லார் சேலையிலும் வெடிமருந்துத் தூள் சாம்பல் நிறமாகப் படிந்திருந்தது. மருந்து படிந்த துணியோடு தீக்கு அருகில் போகக்கூடாது என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வேன் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் குளித்துத் திரும்புவதற்குள் ஆராதனை முடிந்துவிடும்.

"ஒரு ஓரமா நின்னுக்கிறோம் மதினி" என்றாள் ஒருத்தி.

"தீக்கு ஓரம் தெரியுமாக்கும்? போயிக் குளிச்சிட்டு வாங்க. நீங்க வாற வரைக்கும் இங்கன ஒரு திரி எரியாது. நான் பொறுப்பு."

சபை மூப்பர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கணுமாம்மா?"

"ஆண்டவரு வருசம் பூரா நமக்காகக் காத்துக்கிட்டுத்தான இருக்காரு அண்ணாச்சி. ஒரு நாளு நாம காத்திருந்தா தேஞ்சா போயிருவோம்?"

சொல்லிவிட்டு உள்ளே வந்து ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார். அது முடிய இன்னொன்று. ஒரு சரணத்தைக்கூட விடவில்லை. போதகர் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஈரத் தலையோடு கடைசிப் பெண்ணும் உள்ளே வந்த பிறகுதான் முதல் திரி எரிந்தது.

பெரியம்மாவும் அதே கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தவர்தான். பெரியப்பா சீக்கிரமே போய்விட, தம்பி தங்கைகளையும் பிறகு எங்களையும் வளர்த்து ஆளாக்கினார். வேலைச் சேலைக்குத் தனி வாளி, தனிக் கொடி. அந்தக் கொடியில் வேறு யாரும் ஒரு துண்டைக்கூடப் போட முடியாது. காலையில் வேதம் வாசிக்காமல் சோற்று வாளியைத் தொடமாட்டார். அவருடைய ஜெபம் கெஞ்சுவது போலவே இருக்காது, வேலை ஏவுவது போல இருக்கும். "ஆண்டவரே, மருந்து கலக்குற ரூமுக்கு முன்னால நீரே நில்லும். வேற யாரையும் அனுப்பாதேயும்." காய்ச்சலோடும் ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

நான் வேதியியல் பொறியியல் படித்துவிட்டு இப்போது பட்டாசு ஆலைகளில் பாதுகாப்புச் சோதனை செய்கிறேன். எதை எதன் அருகில் வைக்கக்கூடாது, யார் எங்கே நுழையக்கூடாது என்று வரிசைப்படுத்தி எழுதுவதுதான் என் வேலை. யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்பதை எழுதிவிடலாம். நிறுத்தியவர்களை விட்டுவிட்டு எதையும் தொடங்காமல் இருப்பதை எந்த வரிசையில் எழுதுவது?

போன தீபாவளி சீசனில் பெரியம்மா இறந்தார். இருட்டுவதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தார். பெட்டியை மூடப் போகும் நேரத்தில் வீட்டு முன்னால் கம்பெனி வேன் வந்து நின்றது. செய்தி தாமதமாகத்தான் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குப் போயிருக்கிறது. வேலைச் சேலையோடு அப்படியே ஏறி வந்திருந்தார்கள். பெரியம்மாவின் தம்பியான என் மாமா வாசலுக்கு ஓடினார்.

"குளிச்சிட்டு வாங்கத்தா. தலமாட்டுல மெழுகுவர்த்தி எரியுது. இது அக்கா போட்ட சட்டம்லா."

"போயிட்டு வாறதுக்குள்ள மூடிருவீகளே அண்ணாச்சி!" என்ற ஒருத்தி, வாசலுக்கு வெளியே நின்றபடியே உள்ளே பார்த்துக் கத்தினாள். "எங்கள வெளிய நிறுத்திப்புட்டு நீங்க மட்டும் உள்ள படுத்துக்கிட்டீகளே மதினி! இது நியாயமா?"

நான் எழுந்து மெழுகுவர்த்திகளை எடுத்தேன். ஊதுபத்தியையும் எடுத்தேன். புழக்கடைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளியில் அமிழ்த்தினேன்.

"ஏத்தா, அக்கா வெளிச்சம் இல்லாமலா போகணும்?" என்றார் மாமா.

"போகட்டும் மாமா. இவுக உள்ள வரணும்."

உள்ளே வந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் குனிந்து அவர் கைகளைப் பிடித்தார்கள், கன்னத்தைத் தடவினார்கள், கால்மாட்டில் முகத்தைப் புதைத்தார்கள். அவர்கள் விலகியபோது வெள்ளைச் சேலை முழுவதும் சாம்பல் நிற விரல் தடங்கள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டிவிடக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே பெட்டியை மூடினோம்.