பூட்டாமல் விட்ட சைக்கிள்

ஆலங்குடியில் தாய்வீட்டைப் பொறுத்தவரை தேவிப்ரியா ஒரு சைக்கிளைப் பூட்டாமல் விட்டவள். புதுக்கோட்டையில் பைக் ஷோரூம் ஒன்றின் சர்வீஸ் பிரிவையே கட்டி மேய்க்கிறாள். பத்து மெக்கானிக்குகள் அவளிடம் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதெல்லாம் தாய்வீட்டு வாசல் வரைக்கும்தான். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "பூட்டுனியா? அன்னைக்கு மாதிரி விட்டுறாத." தேவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு என்பது பதினாறு வருடத்துக்கு முன்னால். அப்பா திருச்சியில் தேடிப்பிடித்து வாங்கிவந்த பழைய இரும்பு ரேஸ் சைக்கிள் அது. அதில்தான் கல்லூரிக் காலத்தில் மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில், அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், வாசலில் நின்ற சைக்கிளைக் காணோம். "பூட்டாம விட்டா தூக்கிட்டுப் போகாம என்ன செய்வான்?" என்றான் அண்ணன் அறிவுச்செல்வன். பூட்டியதாகத்தான் அவளுக்கு ஞாபகம். வீடே சேர்ந்து சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

இந்த வருடம் அதே மாதிரி ஒன்றை, பாகம் பாகமாகச் சேர்த்துத் தானே பூட்டி ஓட்டுவது என்று முடிவெடுத்தாள். மீமிசலில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் ரெங்கராஜிடம் இரண்டு ரேஸ் பிரேம்கள் இருப்பதாகத் தகவல் வந்தது. "தனியாப் போயி ஏமாந்துட்டு வராத" என்று அண்ணன் தன் லோடு வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான்.

ஒரு பிரேம் நீலம், பளபளவென்று இருந்தது. இன்னொன்று பச்சை, பெயின்ட் உரிந்து துருவேறிக் கிடந்தது. அண்ணன் நீலத்தைத் தூக்கினான்.

தேவிப்ரியா பச்சையை எடுத்து, குழாய்களை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வளைவில்லை. சீட்டுக் கம்பி சிக்காமல் உருவி வந்தது. பெடல் அச்சு ஓடும் கூட்டை ஸ்குரூடிரைவரால் தட்டினாள். கணீரென்றது. பிறகு நீலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். குழாய்க்குள்ளிருந்து பொலபொலவென்று துரு கொட்டியது. கூட்டின் அடியில், பெயின்டுக்குக் கீழே ஏதோ நெருடியது. சுரண்டிப் பார்த்தாள். 'தே' என்று அப்பா உளியால் வெட்டிய எழுத்து.

அவள் வாய் திறப்பதற்குள் ரெங்கராஜ் சொன்னார்: "அது மீன்காரர் அடைக்கலம் ஓட்டுனதுங்க. ஆலங்குடியில ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு வஞ்சிரம் எறக்கிட்டு, காசுக்குப் பதிலா இத வாங்கிட்டு வந்தாராம். வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பெயின்ட் அடிச்சிருவாரு. ஆனா மீன்பெட்டித் தண்ணி பூராம் குழாய்க்குள்ளதான எறங்கியிருக்கு."

அறிவுச்செல்வன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவிப்ரியா நிச்சயதார்த்தத்தன்று இரண்டு துண்டு வஞ்சிரம் சாப்பிட்டிருந்தாள். சைக்கிள் போன துக்கத்திலும், மீன் நன்றாயிருக்கிறது என்று அண்ணனிடமே சொல்லியிருந்தாள்.

"கல்யாணம் ஆகப்போற புள்ளைக்கு இனி ரேஸு எதுக்குன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"குடுத்தது கூடப் போகட்டும்ணே. பூட்டலன்னு சொன்னியே, அது எதுக்கு?"

அவன் நீலத்தின் மேல் கொட்டிய துருவைத் தட்டிவிட்டான். "நம்ம சைக்கிளு பிரியா. இதையே எடுத்துக்க. நான் வெல்டிங் வச்சுத் தாரேன்" என்றான்.

அவள் விரல் அந்த எழுத்தின் மேல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு, "உள்ள பூராம் செத்துப்போச்சு. ஏறி மிதிச்சா ஒடஞ்சிரும்" என்றாள். ரெங்கராஜிடம் திரும்பி, "அண்ணே, எனக்குப் பச்சையக் குடுங்க" என்றாள்.

பச்சை பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தவள், திரும்பி நீலத்தைக் காட்டினாள்.

"அத நீ வண்டியில ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போ. எங்க கெடச்சுச்சுன்னு அம்மா கேக்கும். நீயே சொல்லு."