மாற்றுகிறேனா, மாற்றினேனா

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் தொட்ட லிஃப்ட் லேசில் மக்கர் பண்ணாது. ஆனால் வேலை முடிந்ததும் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி செய்தி அனுப்ப வேண்டும். அப்போதுதான் அவருக்கு வியர்த்துக் கொட்டும். பாதியில் பள்ளியை விட்டவர். முடித்த வேலையையும் நடக்கிற வேலையையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்: கதவைச் சரிபார்க்கிறேன், பல்பு மாற்றுகிறேன். ஆபீசில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'இன்னைக்கு அண்ணன்'. அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்.

ஒருமுறை அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் பிரேக்கை மாற்றி, ஓட்டிப் பார்த்து, செய்தி அனுப்பிவிட்டு விடுப்பில் போனார். 'பிரேக் மாற்றுகிறேன்' என்று இருந்ததால் வேலை முடியவில்லை என்று நினைத்த ஆபீஸ், லிஃப்டைப் பூட்டியே வைத்தது. அவர் திரும்பி வந்து பார்த்தபோது, மேல்மாடித் தையல்கார அம்மா துணி மூட்டையோடு படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியலையாப்பா?"

"அன்னைக்கே முடிச்சிட்டேம்மா."

"அப்ப நான் எதுக்கு ஏறி எறங்கிட்டிருக்கேன்?"

ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, லிஃப்டைத் திறக்கச் சொன்னார். மூட்டையைத் தோளில் போட்டு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நடந்து முடிஞ்சத எப்படி எழுதறதுன்னு சொல்லிக்கொடு" என்றார்.

வெங்காயம் நறுக்கியபடியே அவள் ஆரம்பித்தாள். "முக்கால்வாசிக்குக் கடைசியில ஈ, டி சேத்தா போதும். ஏற்கெனவே ஈ இருந்தா டி மட்டும். 'கேரி'ல ஒய் போயி ஐ வரும். 'ஸ்டாப்' மாதிரி குட்டைச் சொல்லுக்குக் கடைசி எழுத்து ரெண்டாகும்."

"'ப்ளே'க்கும் ஒய் போயிடுமா?"

"போகாது. முன்னாடி உயிரெழுத்து இருக்கில்ல, அதனால தப்பிச்சுது."

"'கோ'வுக்கு?"

"'வென்ட்'."

"அநியாயமா இருக்கே. பழசுல ஒரு எழுத்துகூட மிஞ்சலையே."

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த உங்க போட்டோவப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

"சரி, 'கட்'டுக்கு?"

"அதுவும் 'கட்'தான். எப்பவும் மாறாது."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

வெங்காயத் தோல் அவர் தலையில் வந்து விழுந்தது.

அன்றிலிருந்து வேனில், சாப்பாட்டு இடைவேளையில், வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த கட்டிடத்தில் வேலை முடித்து முதல் செய்தி போனதும் ஆபீஸ் பெண் போன் செய்தாள். "அண்ணே, 'ஸ்டாப்டு'ல ஒரு பி விட்டுப் போச்சு. ஆனா வேலை முடிஞ்சிருச்சுன்னு புரிஞ்சுது. லிஃப்டத் தெறந்துவிடச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நாளில் தலைமை மெக்கானிக் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுத வேண்டும். வேறு நாளாயிருந்தால் நழுவியிருப்பார். இப்போது பேனாவை எடுத்தார். படித்தேன்: ஒய் போய் ஐ. பள்ளியை நிறுத்தினேன்: இரண்டு பி. சிமெண்ட் மூட்டை சுமந்தேன். சாரத்திலிருந்து விழுந்தேன். தொழில் கற்றேன். கல்யாணம் செய்துகொண்டேன். நடுவில் அப்பா இறந்ததை எழுத வேண்டியிருந்தது. 'டை'யில் ஏற்கெனவே ஈ இருக்கிறது, ஒரு டி போட்டால் போதும். அந்த ஓர் எழுத்தைப் போடுவதற்குள் கை நின்று நின்று வந்தது. போட்டதும் மனம் லேசாயிற்று. மிச்சத்தை மளமளவென்று எழுதி முடித்தார்.

ஆபீசில் அதைப் படித்த பொறியாளர் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "விழுந்தத மட்டும் தப்பா எழுதியிருக்கீங்க. மத்ததெல்லாம் சரி. திங்கக்கிழமையிலிருந்து குழு உங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள். "'ஃபால்'லுக்கு என்ன எழுதினீங்க?"

"ஈ, டி போட்டுட்டேன்."

"அது 'ஃபெல்'."

"எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்ததும் ஞாபகம் வந்துச்சு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.