சட்டித்தலையனை வெட்டியவன் நான்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். குமாரபாளையத்தில் இன்று இரண்டு தறிக்கூடமும், ஒரு சாயப்பட்டறையும், ஆற்றுப் பாலத்தைப் பார்த்தபடி மூன்று மாடி வீடும் இந்தக் கையால் எழும்பியவை. அதற்கெல்லாம் முன்னால் இதே கை செய்த காரியம் ஒன்றை மட்டும் ஊர் மறந்துவிட்டது.

கண்ணை மூடினால் சூடேறிய மரப்பெட்டியின் வார்னிஷ் வாசம் இன்றும் வருகிறது. சேலத்திலிருந்து வந்த செபாஸ்தியான் அண்ணன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வைத்திருந்த வீடியோ கேம் கடையில், அந்தப் பெட்டிக்குள் ஜப்பான் சாமுராய் ஆட்டம் ஒன்று இருந்தது. மூங்கில் காட்டுக்குள் வாளோடு ஒருவன் எதிரிகளை வெட்டிக்கொண்டே போவான். கடைசியில், கவிழ்த்த சட்டிபோலத் தலைக்கவசம் போட்ட தளபதி வருவான். 'சட்டித்தலையன்' என்று பேர் வைத்தோம். அவனை யாரும் தாண்டியதில்லை. பொத்தானைப் படபடவென்று குத்திக் குத்தியே எல்லாரும் செத்தார்கள்.

நானோ தறியடியில் வளர்ந்தவன். நூலைச் சுமந்து இடமும் வலமும் பறக்கும் 'நாடா'வைக் காட்டி, "அது போயி அடங்கட்டும், அப்பறம் கைய உடு சாமி. நாடா திரும்பி வரும், போன வெரலு வராது" என்பார் என் அப்பா மாரப்பன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டித்தலையனின் வாளை உற்றுப் பார்த்தேன்: இடம், வலம், அப்புறம் கொஞ்சம் ஓய்வு. எங்கள் தறியேதான்! பொத்தானைத் தொடாமல் நின்றேன்.

"அடிறா, தூங்கறயா?" என்று பின்னால் கத்தினார்கள். வாள் போய் அடங்கியது. ஒரே வெட்டு.

சட்டித்தலையன் சாய்ந்தான். திரையில் பூ உதிர, புரியாத எழுத்து வரிவரியாக மேலே ஏறியது. முடிவை அதுவரை யாரும் பார்த்ததில்லை அல்லவா, அண்ணன் பதறிப்போனார்.

"அடப்பாவி, மிஷினைக் கெடுத்துட்டியேடா!"

"கெடலீங்ணா, செயிச்சுப்போட்டனுங்!"

சொல்லி முடிப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஜெயித்தவன் பெயரைப் பதியும் இடம் அடுத்து வரும் என்பது பின்னால்தான் தெரிந்தது. என் பெயர் இருட்டோடு போயிற்று. அந்த வெட்டு மட்டும் 'நாடா வெட்டு' என்று சேலம் வரைக்கும் பரவிற்று.

இன்று அந்த இடத்தில் செல்போன் கடை. என் கூடத்திலும் நாடா இல்லாத புதுத் தறிகள்தான். ஆனால் செபாஸ்தியான் அண்ணனின் மகன் அதே பெட்டியைப் பழுது பார்த்துச் சேலத்தில் தன் காபிக் கடையில் வைத்திருக்கிறான். நாடாவைக் கண்ணால் பாராத பிள்ளைகள் வரிசையில் நின்று "நாடா வெட்டு போடுடா" என்று கூச்சலிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'நாடா வெட்டு, குமாரபாளையம் பையன்கள் கண்டுபிடித்தது.'

அது நான்தான் என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். "உங்களோட சேர்த்து நாலு பேர் இதையே சொல்லிட்டாங்க அங்கிள்" என்று சிரிக்கிறான். ஆடிக் காட்டலாமென்றால், இப்போது அது எல்லாருக்கும் வருகிறதே!

பையன்கள் இல்லை தம்பி, ஒரே பையன்: மாரப்பன் மகன் நல்லமுத்து. அதை அழித்து இதை எழுது. சந்தேகமிருந்தால் உன் அப்பாவைக் கேள், பிளக்கைப் பிடுங்கிய கை இன்னும் திடமாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் அவர் பெயரையும் என் பெயருக்குக் கீழே போட்டுக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை.